பொழுது சாயும்வரை டூட்டி

பதின்மூன்று மணி நேர விமானப் பயணத்தில் எட்டு மணி நேரம் தூங்கியே தீருவது என்று மணிக்கூண்டு சபதம் எடுத்தபோது, குளியலறையில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலுக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். சபதம் எடுக்க நல்ல இடம் இல்லைதான். ஆனால் இரண்டேகால் வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிகிற அறை அது ஒன்றுதான். அந்தக் கதவையும் வெளியிலிருந்து இரண்டு குட்டி உள்ளங்கைகள் "அப்பா! அப்பா! அப்பா!" என்று தட்டிக்கொண்டிருந்தன.

மணிக்கூண்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பஸ் டெப்போவில் டிரைவர்கள் வைத்தது. மனிதர் அங்கே நேரக்காப்பாளர். எந்தப் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த டிரைவர் எந்த ஷிப்டில் ஏறி எப்போது இறங்குவார் என்பதெல்லாம் அவர் எழுதுகிற டூட்டி சீட்டில்தான் இருக்கும். தலைக்கு மேலே ஒரு பெரிய வட்டக் கடிகாரம். அந்தக் கடிகாரம் சொன்னதுதான் அங்கே மணி. யாராவது டிரைவர் வந்து, "சார், வீட்ல விசேஷம், சாயங்கால ஷிப்டை மாத்திக் குடுங்க" என்று தலையைச் சொறிந்தால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "கையெழுத்து விழுந்த சீட்டை ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது" என்பார். இந்த வசனத்தை வருஷத்துக்கு முந்நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஒரு தடவைகூட ஆண்டவன் வந்து கேட்டதில்லை.

அவர் மனைவிக்கு டெலிபோனில் பேசுகிற உத்தியோகம். உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் கூப்பிட்டு "உங்க துணி துவைக்கிற மெஷின் ஓடலை" என்று கத்தினாலும், அவரைச் சமாதானப்படுத்தி, கடைசியில் அவரையே மன்னிப்புக் கேட்கவைத்து அனுப்புவாள். அவள் மேஜைக்கு எதிர்ச் சுவரில் வரிசையாக ஆறு கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும். கல்யாணமான புதிதில் அவளைக் கூட்டிவரப் போன மணிக்கூண்டு அதைப் பார்த்துப் பதறிப்போய், "என்னம்மா ஆபீஸ் இது, ஒரு கடிகாரம்கூட ஒழுங்கா ஓடலை!" என்றார். அவள் அதை யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை. பத்திரமாக மனசில் வைத்துக்கொண்டாள்.

இரண்டேகால் வருஷமாகத் தான் தூங்கவே இல்லை என்று அவர் டெப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நாமும் பாவம் என்றுதான் நினைப்போம். நடந்தது வேறு. ராத்திரி குழந்தை அழுதால் எழுந்து போகிறவள் மனைவி. அவள் எழுந்து போகிற சத்தத்தில் இவருக்கு விழிப்பு வரும். "கொஞ்சம் மெதுவா எழுந்திரிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த வகையில் அவர் தூக்கம் கெட்டது நிஜம்தான்.

இப்போது தூரதேசத்தில் இருக்கிற அவருடைய அக்கா, "மருமகளைப் படத்துலயே பார்த்துக்கிட்டு இருக்கணுமாடா? கூட்டிட்டு வா" என்று டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். டிக்கெட்டைப் பார்த்த நாளிலிருந்து மணிக்கூண்டு ஒரு கனவில் மிதந்தார். விமானம், ஜன்னலோரம், கழுத்தைச் சுற்றி ஒரு தலையணை, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை. கீழே மேகம். மேகத்துக்கு மேலே அவர். யாரும் எழுப்ப மாட்டார்கள். டெப்போவில் உட்கார்ந்துகொண்டே அந்தத் தலையணையில் சாய்ந்து சாய்ந்து பார்த்தார். ஒருநாள் மத்தியானம் அப்படிச் சாய்ந்ததில் நாலாம் நம்பர் பஸ் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அது அந்த டெப்போவின் சரித்திரத்தில் இல்லாத சம்பவம்.

கனவுக்கு ஒரே ஒரு இடைஞ்சல். அதன் பெயர் வாண்டு. மகளை வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாண்டுவை ஒரு இடத்தில் உட்காரவைப்பது என்பது தண்ணீரை முடிச்சுப் போடுகிற மாதிரி.

மணிக்கூண்டு சும்மா விடுவாரா? இரண்டு வாரம் பாக்கெட் நோட்டில் வாண்டுவின் தூக்கத்தைக் குறித்துக்கொண்டார். விடுமுறை நாளில் நேரிலேயே பார்த்தார், மற்ற நாளில் காப்பகத்து ஆயாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். தினமும் மதியம் ஒன்றரைக்குத் தூங்கி நாலு மணிக்கு எழுந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. விமானம் கிளம்புவது மதியம் ஒரு மணிக்கு. அவர் வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மனைவி வாண்டுவின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். வாண்டு மடித்தவற்றை எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தது. மணிக்கூண்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"என்னங்க இது?"

"டூட்டி சீட்டு."

"ஊருக்குப் போறதுக்குக் கூடவா?"

"பதிமூணு மணி நேரம்மா! ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கிட்டா ரெண்டு பேரும் சேர்ந்து படுத்துடுவோம். ஒருத்தர் பார்க்கணும், ஒருத்தர் ஓய்வெடுக்கணும். ஷிப்ட் முறை. உலகமே அப்படித்தான் ஓடுது."

"சரி. யாருக்கு எது?"

மணிக்கூண்டு முகத்தைத் தியாகி மாதிரி வைத்துக்கொண்டார். "முதல் ஷிப்ட்தான் கஷ்டம். ஏறணும், பெல்ட் மாட்டணும், காது அடைக்கும், பிள்ளை கத்தும். அதை நான் எடுத்துக்கறேன். மதியம் ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் நான். ஆறு மணியிலிருந்து இறங்குற வரைக்கும் நீ."

"உங்களுக்கு அஞ்சு. எனக்கு எட்டு."

"முதல் ஷிப்ட்ல அஞ்சு, ரெண்டாவது ஷிப்ட்ல பத்துக்குச் சமம். எந்த டிரைவரை வேணா கேட்டுப் பாரு."

அவள் கேட்கவில்லை. சீட்டின் அடுத்த வரியைப் படித்தாள். "ஓய்வில் இருப்பவருக்கே ஜன்னலோரம். டூட்டியில் இருப்பவர் அவரை எழுப்பக் கூடாது."

"எழுப்பவே கூடாதா?"

"கூடாது."

"ஒண்ணுக்கு வந்தாக்கூட?"

"யாருக்கு?"

"வாண்டுக்கு."

"டூட்டியில இருக்கறவர் பொறுப்பு. அதான் டூட்டி."

அவள் ஒரு குட்டிக் கவுனை மடித்தாள். வாண்டு அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. "எல்லாம் சரிங்க. ஆறு மணின்னு எழுதியிருக்கீங்களே, அது எந்த ஊர் ஆறு மணி?"

"ஆறு மணின்னா ஆறு மணிதான். அதுல என்ன எந்த ஊரு?"

"இல்லங்க, வானத்துல போகப் போக மணி மாறும்னு சொல்றாங்க. என் போன் ஒண்ணு காட்டும், உங்க வாட்ச் ஒண்ணு காட்டும். பிள்ளையை நடுவுல வெச்சுக்கிட்டு நாம சண்டை போட்டா நல்லாவா இருக்கும்? பேசாம கடிகாரமே இல்லாம எழுதிடுங்க. பொழுது சாயுற வரைக்கும் நீங்க. பொழுது சாஞ்சப்புறம் நான்."

மணிக்கூண்டு யோசித்தார். அவர் ஊரில் வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஆறு மணிக்குச் சூரியன் இறங்கும். அரை மணி முன்னே பின்னே. டெப்போ விளக்கைப் போடச் சொல்லி அவர்தானே மணி அடிக்கிறார்! பைத்தியக்காரி, அரை மணிக்காக என்னென்னவோ சொல்கிறாளே என்று பரிதாபமாகக்கூட இருந்தது. ஆறு மணி என்பதை அடித்துவிட்டுப் பொழுது சாயும்வரை என்று எழுதினார்.

"அப்புறம் மாத்தக் கூடாதுங்க."

"கையெழுத்து விழுந்த சீட்டை ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது!"

"நீங்க சொன்னா சரிதான்," என்று அவள் கையெழுத்துப் போட்டாள். போடும்போது ஒரு பெருமூச்சுகூட விட்டாள். அந்தப் பெருமூச்சில் மணிக்கூண்டுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

விமானத்தில் அவர்களுக்கு இடது பக்கம் மூன்று இருக்கைகள். ஓய்வில் இருப்பவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். நடுவில் வாண்டு. நடைபாதை ஓரத்தில் மணிக்கூண்டு, மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒட்டுப்படம், பொம்மை பஸ், படப் புத்தகம், விரல் பொம்மை, ஊதாத பலூன். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம் என்று கைக்குள் ஒரு துண்டுச் சீட்டு. விமானம் மேலே ஏறி, பெல்ட் போடச் சொல்கிற விளக்கு அணைவதற்குள் பை காலி. வாண்டுவுக்கு அதில் எதுவுமே பிடிக்கவில்லை. பிடித்தது இருக்கை பெல்ட்டின் கொக்கி மட்டும்தான். திற, மாட்டு, திற, மாட்டு. அதுவும் பக்கத்து வரிசை மாமாவின் பெல்ட் கொக்கி.

"பரவாயில்லை, ஒன்றரை ஆகட்டும்" என்று மணிக்கூண்டு காத்திருந்தார். ஒன்றரை ஆனது. வாண்டுவை மடியில் போட்டுத் தட்டினார். "கண்ணு, தூங்கலாமா? சூரியன் தூங்கிடுச்சு."

வீட்டில் இதுதான் அவர் மந்திரம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, சூரியன் தூங்கிடுச்சு, நீயும் தூங்கு என்பார். வாண்டு நம்பித் தூங்கிவிடும். இங்கே வாண்டு அம்மாவைத் தாண்டி எட்டிப் பார்த்தது. வெளியே மேகமெல்லாம் வெளுத்துப்போய்க் கிடக்க, நடுவானத்தில் சூரியன் ஜொலித்துக்கொண்டிருந்தது.

"தூங்கல," என்றது வாண்டு.

"தூங்கப் போகுது இப்போ."

"தூங்கல. நானும் தூங்கல."

"ஏம்மா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் மூடேன்."

 கறுப்புப் பட்டை மனைவியின் கண்ணில் இருந்தது. அவர் வாங்கியது. கழுத்துத் தலையணையும் அவர் வாங்கியதுதான். எழுப்பக் கூடாது என்று எழுதியதும் அவர்தான்.

மூன்று மணி ஆனது. நாலு ஆனது. வாண்டு காகிதக் கோப்பையைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டது. பழரசத்தை அப்பாவின் சட்டைப் பைக்குள் ஊற்றி மூடியது. முன்வரிசை அம்மாவின் கொண்டையில் ஒட்டுப்படம் ஒட்டியது. கழிப்பறைக்கு ஐந்து தடவை போய்வந்தார்கள், அதில் நாலு தடவை அங்கே தண்ணீர் சீறிக்கொண்டு உள்ளே போகிற வேடிக்கையைப் பார்ப்பதற்காக மட்டும். மணிக்கூண்டு பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம் என்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணி அடித்தது. அதாவது அவர் மனசுக்குள் அடித்தது.

"இந்தாம்மா! எழுந்திரு. ஷிப்ட் முடிஞ்சுது!"

அவள் கறுப்புப் பட்டையை ஒரு கண்ணுக்கு மட்டும் தூக்கினாள். "பொழுது சாஞ்சுதா?"

"மணி ஆறும்மா."

"சீட்டுல மணி இல்லையே. பொழுதுதானே இருக்கு?" ஜன்னலைக் காட்டினாள். "பாருங்க, எப்படி அடிக்குது வெயிலு."

மணிக்கூண்டு பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி சூரியனைப் பார்த்தார். ஐந்து மணி நேரத்துக்கு முன்னால் எங்கே இருந்ததோ, கிட்டத்தட்ட அங்கேயே இருந்தது. அவர் வாழ்க்கையில் முதல் முறையாகச் சூரியன் டூட்டிக்குத் தாமதம்.

"ஏதோ கோளாறு," என்றார்.

"இருக்கும்ங்க. சரியானதும் சொல்லுங்க," என்று அவள் பட்டையை இறக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பணிப்பெண்கள் வந்து எல்லா ஜன்னல்களையும் மூடச் சொல்லி, விளக்கையும் அணைத்தார்கள். மணிக்கூண்டு துள்ளிக் குதித்தார்.

"இருட்டிடுச்சு! இருட்டிடுச்சு! எழுந்திரு!"

"விளக்கை அணைச்சா பொழுது சாஞ்சதா அர்த்தம்? அப்படிப் பார்த்தா நம்ம வீட்டுக் குளியலறையில ஒரு நாளைக்குப் பத்து தடவை பொழுது சாயுதே!" என்று சொல்லி, ஜன்னல் மறைப்பை ஒரு விரல்கடை மட்டும் தூக்கினாள். ஒரு கோடு வெளிச்சம் பளீரென்று அவர் கண்ணில் அடித்தது. "எழுப்பக் கூடாதுன்னு எழுதியிருக்குங்க. இது ரெண்டாவது தடவை. டெப்போவா இருந்தா மெமோ குடுத்திருப்பீங்க."

முன்னால் இருந்த சின்னத் திரையில் உலகப் படம் தெரிந்தது. பாதி வெளிச்சம், பாதி இருட்டு. ஒரு குட்டி விமானம் வெளிச்சத்துக்குள் மேற்குப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதன் வாலுக்குப் பின்னால், வெகு தூரத்தில், இருட்டு வந்துகொண்டிருந்தது. மணிக்கூண்டு அதையே உற்றுப் பார்த்தார். பஸ் கணக்கு அவருக்கு நன்றாக வரும். சூரியன் ஒரு பஸ். கிழக்கேயிருந்து மேற்கே போகிறது. நம்ம பஸ்ஸும் அதே ரூட்டில் பின்னாலேயே போகிறது, கிட்டத்தட்ட அதே வேகத்தில். அப்புறம் முன்னால் போகிற பஸ் எப்படிக் கண்ணிலிருந்து மறையும்?

அடிப்பாவி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பக்கத்து வரிசை மாமா திரும்பிப் பார்த்தார். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கறுப்புப் பட்டைக்குக் கீழே உதடு இரண்டும் சேர்ந்து ஏதோ ஒன்றை அடக்கிக்கொண்டிருந்தன. சுவரில் ஆறு கடிகாரம் மாட்டிய ஆபீஸில் பத்து வருஷம் வேலை பார்த்தவளிடம் போய்ப் பொழுதை வைத்து ஒப்பந்தம் போட்டிருக்கிறாரே மனிதர், இவரை என்ன செய்வது?

வாண்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. "அப்பா, வா."

"அப்பாவால முடியலடா கண்ணு."

"வா."

"அப்பா டூட்டியில இருக்கேன். எங்கேயும் வரக் கூடாது."

"டூட்டி," என்றது வாண்டு. அந்த வார்த்தை அதற்குப் பிடித்துப்போய்விட்டது. "டூட்டி! டூட்டி! வா, டூட்டி!"

எழுந்தார். வேறு வழி? நடைபாதையில் நடந்தார்கள். மூக்கிலிருந்து வால்வரை, வாலிலிருந்து மூக்குவரை. எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாய் திறந்து, தலை சாய்ந்து, போர்வைக்கு வெளியே ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு. அங்கங்கே மறைப்பு சரியாக மூடாத ஜன்னல்களிலிருந்து வெளிச்சக் கோடுகள் குறுக்கே விழுந்திருந்தன. வாண்டு ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தாண்டிக் குதித்தது. மூன்றாவது சுற்றில் மணிக்கூண்டுக்கு நடக்கிறோமா மிதக்கிறோமா என்று தெரியவில்லை. காதுக்குள் ஒரே இரைச்சல், டெப்போவில் எல்லாப் பஸ்ஸும் ஒரே நேரத்தில் இஞ்சினைப் போட்டுவிட்டு நிற்கிற மாதிரி.

"வாண்டு," என்றார் ரகசியமாக. "இது பஸ்ஸு. நீதான் கண்டக்டர். ஒவ்வொரு ஸ்டாப்பா நிறுத்தணும். சரியா?"

வாண்டுவின் கண் அகலமானது. அது உடனே ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்தது. தூங்குகிறவர்கள் மடியில் ஆளுக்கு ஒரு டிக்கெட். ஒரு வழுக்கைத் தலைக்கு இரண்டு. அவர் கொஞ்சம் பருமன். கடைசி ஸ்டாப்பில் பணிப்பெண் ஒருத்தி குனிந்து, "எனக்கு ஒரு டிக்கெட் குடுங்க கண்டக்டர்" என்று கை நீட்டினாள். வாண்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, மூக்குக்கு மேலாகப் பார்த்தது. அந்தப் பார்வை எங்கேயோ பார்த்த பார்வையாக இருந்தது. தன்னுடையது என்று மணிக்கூண்டுக்குப் பிறகுதான் உறைத்தது.

வால் பக்கத்தில் கதவோரம் ஒரு குட்டி ஜன்னல். அங்கே வாண்டுவைத் தூக்கிக் காட்டினார். கீழே மேகம். மேகத்தின் மேல் ஒரு சின்ன நிழல் இவர்கள் கூடவே வந்தது. "அது யாரு?" என்றது வாண்டு. "நாமதான்," என்றார். "நாமளா?" "ஆமா. நீயும் நானும் அம்மாவும்." வாண்டு நிழலுக்கு டாட்டா காட்டியது. நிழல் திருப்பிக் காட்டவில்லை என்று அதற்குக் கொஞ்சம் வருத்தம். அதற்காக இவர் கண்ணாடியில் கையை வைத்து ஆட்டினார்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றார்களோ. அந்த மத்தியானம் முடியவே இல்லை. சூரியன் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அவர் தினமும் காலையில் கிளம்பும்போது வாண்டு தூங்கிக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது தூங்கப் போகிற அவசரத்தில் இருக்கும். இந்த இரண்டேகால் வருஷத்தில் இவ்வளவு நீளமான ஒரு பகலை மகளோடு அவர் கழித்ததே இல்லை. வாண்டுவின் இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம் வேறு, தூக்கம் வேறு. கண் எரிந்தது.

கடைசியில் தரையிறங்குவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாண்டு அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. அவர் கைக்கடிகாரத்தில் அதிகாலை இரண்டு மணி. வெளியே பளிச்சென்ற மத்தியானம் மூன்றரை. மனைவி பட்டையைக் கழற்றிவிட்டு, கைகளை மேலே தூக்கிச் சோம்பல் முறித்தாள். கன்னமெல்லாம் மினுமினுத்தது.

"என்னங்க, ஏன் கண்ணெல்லாம் இப்படிச் சிவந்திருக்கு? தூங்கலையா?"

வெளியே அக்கா கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். தம்பியைப் பார்த்து, "என்னடா, பத்து நாள் காய்ச்சல்ல கிடந்தவன் மாதிரி இருக்கே?" என்றாள். மணிக்கூண்டு வானத்தைக் காட்டி, "அக்கா, இங்கே பொழுது எப்போ சாயும்?" என்று கேட்டார். 

"கோடைகாலம்டா இப்போ. ஒன்பதரை ஆகும்."

மனைவி பெட்டியை மட்டும் இவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, குழந்தையை இவர் தோளிலேயே விட்டுவிட்டாள். காரில் ஏறினதும் வாண்டு முழித்துக்கொண்டது.

மூன்று வாரம் அக்கா வீட்டில் இருந்தார்கள். மணிக்கூண்டு உடம்புக்கு ஓய்வு கொடுத்தார், மூளைக்குக் கொடுக்கவில்லை. ஏமாந்தது எப்படி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. விமானத்தில் ஏறினால் பகல் நீளுகிறது. ஐந்து மணி நேரம் இருக்க வேண்டிய பகல் பதின்மூன்று மணி நேரமும் தாண்டிப் போகிறது. சரி, திரும்பிப் போவதும் அதே விமானம், அதே தூரம், அதே பதின்மூன்று மணி நேரம். டெப்போவில் போகிற டிரிப்புக்கும் வருகிற டிரிப்புக்கும் எப்போதாவது வித்தியாசம் இருந்திருக்கிறதா? போகும்போது ஒரு மணி நேரம் ஆகிற ரூட் திரும்பும்போதும் ஒரு மணி நேரம்தானே!

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், சாப்பாட்டு மேஜையில், அக்கா முன்னிலையிலேயே புதுச் சீட்டை நீட்டினார். சாட்சி வேண்டும் அல்லவா?

"இந்தத் தடவை பொழுது சாயுற வரைக்கும் நீ. சாஞ்சப்புறம் நான்."

அவள் முகம் வாடிப்போனது. "என்னங்க இது? அநியாயமா இருக்கே."

"என்ன அநியாயம்? போறப்போ நான் செஞ்சேன். வர்றப்போ நீ செய். முறைதானே?"

"பாவம்ங்க நானு. போனது மாதிரியே இருந்துட்டுப் போகட்டுமே?"

"முடியாது."

"நீங்க வேணும்னா இன்னொரு தடவை நல்லா யோசிச்சு..."

"யோசிச்சாச்சு!"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "டேய், கிழக்கே போறப்போ..." என்று ஆரம்பித்தாள்.

"விடுங்க அண்ணி," என்றாள் மனைவி சட்டென்று. "நேரத்தைப் பத்தி அவருக்குத் தெரியாததா? டெப்போவே அவர் கையில ஓடுது."

அக்கா தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கரண்டியை எடுத்துக்கொண்டு அவசரமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் இருமுகிற சத்தம் கேட்டது.

மனைவி பேனாவை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள். "சீட்டுல கையெழுத்து விழுந்தா..."

"ஆண்டவனே வந்தாலும்!" என்றார் மணிக்கூண்டு. அவள் கையெழுத்துப் போட்டாள்.

கிளம்புகிற நாள் காலையிலிருந்து அவள் வாண்டுவை அக்கா வீட்டுத் தோட்டத்தில் ஓடவிட்டாள். பந்து எறிந்தாள், துரத்தினாள், ஒளிந்துகொண்டாள். மத்தியானம் தூங்கவும் விடவில்லை. "பாரு, பயத்துல என்ன செய்யறதுன்னு தெரியாம குழந்தையோட விளையாடுறா" என்று மணிக்கூண்டு அக்காவிடம் சொன்னார். அக்காவுக்கு மறுபடி இருமல் வந்துவிட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்கு விமானம் மேலே எழுந்தது. வாண்டு அம்மா மடியில் அடித்துப்போட்டாற்போலத் தூங்கியது. மணிக்கூண்டுக்கு ஜன்னலோரம். கழுத்தில் தலையணை. கறுப்புப் பட்டையை நெற்றியில் தயாராக ஏற்றிவைத்திருந்தார். உடனே தூங்க மனசு வரவில்லை. இரண்டேகால் வருஷமாகக் காத்திருந்த சுகத்தை ஒரே வாயில் விழுங்கிவிடுவதா என்று, மேகத்தைப் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டு வண்டி எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தார். மேகமெல்லாம் மெல்ல மஞ்சளானது. அப்புறம் ரோஜா நிறம். அப்புறம் ஊதா. விமானத்தின் இறக்கை நுனியில் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கனவில் பேசுகிறவர் மாதிரி சொன்னார்.

"என்ன அழகு! இங்கே வந்து பாரும்மா."

"நீங்க பாருங்க," என்றாள் அவள். "நல்லா பாருங்க. பொழுது சாயுது."

மணிக்கூண்டு திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பி ஒன்றே முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. சாப்பாட்டு வண்டிகூட இன்னும் வந்து சேரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு நட்சத்திரம் முளைத்திருந்தது.

இந்தத் தடவை பஸ் எதிர்த்திசையில் போகிறது. முன்னால் போகிற பஸ்ஸைத் துரத்தினால்தானே கண்ணில் நிற்கும்? எதிரே வருகிற பஸ் ஒரு நொடியில் நம்மைத் தாண்டிப் பின்னால் போய்விடாதா? இது புரிந்தபோது அவள் ஏற்கெனவே வாண்டுவை இருக்கையில் கிடத்திவிட்டு எழுந்து நின்று ஜன்னலோரத்துக்காகக் காத்திருந்தாள்.

"அப்போ... விடிஞ்சா?" என்று கேட்டார். "சீக்கிரமே விடிஞ்சுடும் இல்ல? விடிஞ்சா உன் டூட்டிதானே?"

"விடியறதைப் பத்திச் சீட்டுல ஒண்ணும் எழுதலையேங்க." தலையணையை அவர் கழுத்திலிருந்து மெதுவாகக் கழற்றிக்கொண்டாள். "என்ன செய்யறது, கையெழுத்து விழுந்துடுச்சு."

கறுப்புப் பட்டை ஒரு நெற்றியிலிருந்து இன்னொரு நெற்றிக்குப் போனது. இடம் மாறுகிற சந்தடியில் வாண்டு கண்ணைத் திறந்தது. பதினோரு மணி நேரம் பயணம் மிச்சம் இருந்தது. மணிக்கூண்டு அவசர அவசரமாக அதைத் தோளில் போட்டுத் தட்டினார். "கண்ணு, அங்கே பாரு, நிஜமாவே சூரியன் தூங்கிடுச்சு. நீயும் தூங்கு."

"நான் தூங்கியாச்சு," என்றது வாண்டு. இறங்கிக் கீழே நின்றது. காகிதக் கைக்குட்டையை எடுத்து ஒரு டிக்கெட் கிழித்து அவர் கையில் வைத்தது. மூக்குக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தது.

"அப்பா, டூட்டி!"